சூடான ஹப்பும் குளிர்ந்த ஆறும்



நம் சங்கக் குடும்பங்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் பலர். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குவீன்ஸ்லாந்தின் ஓடைகளைக் கடந்து முகாமிடப் போகிறோம். திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து முன்சக்கரத்தில் ஏதோ உறுமுகிறது. "ஓடையில் தண்ணீர் இரண்டடிகூட இல்லையே, இது எப்படி வந்தது?" என்று சென்ற பொங்கல் விழாவில் ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை விரிவாக எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டதால் இக்கட்டுரை. பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆனால் இந்தப் பாடத்தை நான் கற்ற விதம் பெருமைப்படத் தக்கதன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரணி ஆற்றில் ஒரு மாலை

என் சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். அன்று அது ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று வளர்ந்தோம். எங்கள் ஊருக்கு அடையாளம் ஆரணி ஆற்றின் குறுக்கே உள்ள அணை. அதன் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி. மழைக்காலத்தில் அணை நிரம்பித் திறந்துவிட்டால், தண்ணீர் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டையை அடைந்து, பெரியபாளையம், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேரும். ஊத்துக்கோட்டையில் ஆற்றைக் கடக்க அந்நாளில் தரைப்பாலந்தான். 2015-லும் 2021-லும் அந்தப் பாலம் மூழ்கிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

1985-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். எனக்குப் பதினெட்டு வயது. மாமாவின் மகேந்திரா ஜீப்பை எடுத்துக்கொண்டு திருவள்ளூருக்குப் போய் உரமூட்டை ஏற்றி வந்தேன். "பாலத்து மேல தண்ணி ஓடினா அக்கரையிலேயே இருந்துடு, காலையில வரலாம்" என்று மாமா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் வந்தபோது வெள்ளம் வடிந்து, சக்கரத்தின் நடு உயரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாரம் ஏற்றிய வண்டி, வழியெல்லாம் பிரேக் பிடித்து வந்த சக்கரங்கள். நிறுத்தாமல் அப்படியே இறக்கிவிட்டேன். நடுப் பாலத்தில் எஞ்சின் நின்றுபோயிற்று. பத்து நிமிடம் போராடிய பிறகே கிளம்பியது. வீட்டுக்கு வந்து, "தண்ணி வடிஞ்சிருந்தது மாமா" என்று பொய் சொன்னேன்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓர் இரவு, மாமா மகளுக்குப் பிரசவ வலி கண்டது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது நாராயணவனத்துக்கு இப்பால் முன் இடது சக்கரம் கத்திக்கொண்டு இறுகி நின்றுவிட்டது. அந்த இருட்டில் அக்கா சாலையோரம் சமுக்காளத்தில் படுத்திருந்த முக்கால் மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பால் ஏற்றி வந்த ஒரு வேன்காரர் புண்ணியத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் நலம். அந்தக் கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி நுழைகிறது?

சக்கரத்தை வண்டியோடு இணைத்துச் சுழலவிடும் உருளை வடிவப் பகுதியே ஹப். அந்தக்கால ஜீப்பில் ஒவ்வொரு முன் ஹப்புக்குள்ளும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகள் உண்டு. லேண்ட் குரூசர் 70 வரிசை, பழைய நிசான் பேட்ரோல் ஆகியவற்றிலும் இதே அமைப்புத்தான். பேரிங்குகளைச் சுற்றிக் கிரீஸ். உள்பக்க வாயில் ஆயில் சீல். வெளிப்பக்க வாயில் லாக்கிங் ஹப் அல்லது மூடித் தகடு.

ஆழமான தண்ணீர்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஹப்பின் சூடும் அதே அளவு ஆபத்தானது. சூடான சாம்பாரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடிவைத்துப் பாருங்கள். ஆறிய பிறகு மூடி லேசில் வராது. உள்ளே இருந்த ஆவியும் காற்றும் குளிர்ந்து சுருங்கியதால், வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடிக்கிறது. ஹப்பிலும் இதுவே நடக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஓடி வந்த ஹப்பின் சூடு 70 டிகிரி செல்சியஸ், ஓடைத் தண்ணீர் 25 டிகிரி என்று கொள்வோம். அடைபட்ட காற்று அந்த அளவு குளிர்ந்தால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 13 சதம் குறையும். இது நாலடிக்கு மேல் உயரமான தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். அதாவது ஓரடித் தண்ணீரில் நிற்கும் சீல், ஐந்தடித் தண்ணீரில் நிற்பது போன்ற நெருக்கடியைத் தாங்க வேண்டும். அந்தச் சீலோ கிரீஸை உள்ளே வைத்திருப்பதற்காகவே முதலில் அமைக்கப்பட்டது. ஆகவே ஹப் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடுகிறது. நான் பாலத்தின் நடுவே நின்ற பத்து நிமிடம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இங்கே படகு வைத்திருப்போர் இதை நன்கு அறிவர். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டிரெய்லரை அப்படியே கடலில் இறக்கினால் பேரிங் கெடும். அதனால்தான் அவற்றின் ஹப்பில் ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி பொருத்துகிறார்கள். அந்த ஸ்பிரிங் உள்ளிருந்து கிரீஸை அழுத்திக்கொண்டே இருப்பதால் தண்ணீர் நுழைய இடமிராது.

காக்க வேண்டிய ஐந்து வாசல்கள்

1. உள்பக்க ஆயில் சீல். பேரிங்கைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். பழையதை மீண்டும் தட்டி ஏற்றுவது வீண் சிக்கனம். சீலின் உதடு உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் ஒழுகும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. லாக்கிங் ஹப்பின் காகித கேஸ்கெட். கிழியாமல் முழுதாக இருக்க வேண்டும். இரு முகங்களையும் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய பூச்சாக சீலன்ட் தடவி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள்.

3. லாக்கிங் ஹப்பின் திருகு மூடியில் உள்ள ரப்பர் வளையம். வெடித்திருந்தால் மாற்றுங்கள். லாக்கிங் ஹப்பின் உள்ளே கிரீஸை அள்ளி அப்ப வேண்டாம். பற்கள் நகர முடியாமல் போகும். மெல்லிய பூச்சே போதும்.

4. சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள பெரிய இரும்புக் குண்டையும் அதைத் துடைக்கும் சீலையும் கவனியுங்கள். குண்டில் துரு ஏறினால் அது அரம்போல் சீலை அறுத்துவிடும். அங்கே புகும் தண்ணீர் ஆக்சில் வழியாக ஹப்புக்கும் வரும். சேறு காயுமுன் கழுவிவிடுங்கள். உயர் அழுத்தப் பீச்சாங்குழலை மட்டும் எந்தச் சீலுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

5. ஆக்சிலின் மூச்சுக்குழல். இது ஹப்பைக் காக்காது, டிஃபரன்ஷியலைக் காக்கும். குழலை நீட்டி எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டு போனால், ஆக்சில் குளிரும்போது தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் எண்ணெய் பால்காப்பி நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் உலர்த்துங்கள். காற்றுக்குழலைப் பிடித்து விர்ரென்று சுழலவிடும் விளையாட்டு ஆபத்தானது. ரோலரிலோ, அது ஓடும் வளையத்திலோ புள்ளியாகத் துரு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாகத் துரு தெரிந்தால், தண்ணீரோடு வண்டி நின்றுகிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். தண்ணீரைத் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட் வகை நல்லது. பழைய கிரீஸை முழுதும் கழுவாமல் வேறு வகையை மேலே வைக்காதீர்கள். சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும். புதிய சீலை மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி ஏற்றி, உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள். நட்டை முடுக்கும் அளவுக்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சட்டம். புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங் மூடிய கூடாக வருகிறது. அதைத் திறக்க முடியாது. கெட்டால் மாற்ற வேண்டியதுதான்.

ஓடைக்கரையில் செய்ய வேண்டியது

இவ்வளவு செய்தாலும் சூடான ஹப்போடு தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் நிறுத்தி, ஹப்பில் கை வைத்துப் பொறுக்க முடிகிறவரை காத்திருங்கள். அரை மணி நேரம் போகட்டும், தேநீர் குடிக்கலாம். இறங்குமுன் முன் ஹப்புகளை லாக் செய்துவிடுங்கள். ஒரே சீராகக் கடந்துவிடுங்கள், நடுவில் நிற்காதீர்கள். வடக்கே முதலை உள்ள ஓடைகளில் ஆழம் பார்க்க இறங்கவே வேண்டாம். வெள்ளம் புரளும் சாலை என்றால் எந்த வண்டியானாலும் திரும்பிவிடுங்கள்.

கடந்த பிறகு, அந்த வாரத்திலேயே லாக்கிங் ஹப்பைக் கழற்றிக் கிரீஸைப் பாருங்கள். சாம்பல் நிறமாகவோ பால் கலந்தது போலவோ இருந்தால் முழுதும் திறந்து கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மிச்சக் கதை

மறுநாள் ஜீப்பை எங்கள் மெக்கானிக் பாய் கொட்டகைக்கு இழுத்து வந்தோம். அவர்தான் இரண்டு மாதம் முன்பு அந்தப் பேரிங்குகளை மாற்றியிருந்தார். "கர்ப்பிணிப் பொண்ணு ஏறுற வண்டியில இப்படியா வேலை செய்வ?" என்று மாமா எல்லோர் முன்னாலும் கத்தினார். பாய் பதில் சொல்லாமல் ஹப்பைத் திறந்தார். செம்மண் குழம்பாய்த் துருத் தண்ணீர் வழிந்தது. அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா அதன்பின் அவரிடம் வண்டி விடவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும் தம்பி. தண்ணியில இறங்கினது தப்பில்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேலைதான்" என்றார். பிறகு உட்காரச் சொல்லி, மேலே எழுதிய அத்தனையையும் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தார். மாமாவிடம் நான் ஒப்புக்கொள்ள மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் பாய் கொட்டகையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

ஆகவே அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டு வந்தால், வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்படி வளர்த்து வையுங்கள். சொன்னால் கோபப்படாதீர்கள். தண்ணீர் நுழைந்த ஹப் அன்றைக்கு நிற்காது. வேறொரு நாள், வேறொருவரை ஏற்றிச் செல்லும்போதுதான் நிற்கும்.