சீ நிரலில் வழு தேடுதல்



வழு, வழாநிலை என்று இலக்கண வகுப்பிலே படித்திருப்பீர்கள். கணனி நிரலில் நேரும் பிழைக்கும் வழு என்றே பெயர். எழுதியவர் கண்ணுக்கு அது இலகுவில் அகப்படாது. தாம் எழுத நினைத்ததையே அவர் அங்கே வாசிப்பார். ஆகவே ஊகத்தை விட்டு, நிரலையே பேச வைக்கவேண்டும். வீட்டில் சீ மொழி பயிலும் பிள்ளை இருந்தால், இருவருமாக இதை வாசியுங்கள்.

ஐந்து மாணவரின் புள்ளிகள் 60, 70, 80, 50, 40. கூட்டுத்தொகை 300, சராசரி 60. பிள்ளையின் நிரலோ 6613 என்கிறது! உடனே அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றத் தொடங்குவது பலரின் வழக்கம். அதனால் பழைய வழுவோடு புதியதும் சேர்ந்துகொள்ளும். முதலில், அதே எண்களுக்கு அதே பிழை திரும்பவும் வருகிறதா எனப் பாருங்கள். பின்னர், கூட்டும் சுற்றினுள்ளே ஒரு ‘பிறின்ற்எஃப்’ கட்டளையை இட்டு, ஒவ்வொரு தடவையும் எண்ணி, புள்ளி, கூட்டுத்தொகை மூன்றையும் அச்சிடச் செய்யுங்கள்.

மாணவர் ஐவர், திரையில் வரிகளோ ஆறு. ஆறாவது வரியில் எவரும் பெறாத 32767 என்னும் புள்ளி! சுற்றின் நிபந்தனையில் < இருக்கவேண்டிய இடத்தில் <= இருந்திருக்கிறது. சீ மொழியில் அணியின் இடங்கள் 0இல் தொடங்கும்; ஐந்து இடங்கள் என்றால் 0 முதல் 4 வரை. எல்லை தாண்டினால் மொழி தடுக்காது. அடுத்த நினைவக இடத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். அங்கே தற்செயலாக 0 கிடந்தால் விடை சரியாகவே வரும்! வீட்டில் ஒழுங்காக ஓடிய நிரல் பரீட்சை மண்டபத்தில் பிழைப்பது இதனாற்றான்.

அச்சிடும் கட்டளையின் இறுதியில் புதுவரிக் குறியை மறவாதீர்கள். நிரல் இடையில் முறிந்தால், அச்சிட்டது திரைக்கு வராமலே போகக்கூடும்.

தொகுப்பி தரும் எச்சரிக்கைகளையும் அலட்சியம் செய்யவேண்டாம். ஒப்பிடும் == குறிக்குப் பதிலாக மதிப்பிடும் = குறியை நிபந்தனையில் இட்டால், ஜி.சி.சி. தொகுப்பி ‘வோல்’ என்னும் தெரிவோடு இயக்கும்போது எச்சரிக்கும்.

பெரியவர்களும் தவறுகின்றனர். 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பு நிரலில், ‘தோல்விப் பகுதிக்குத் தாவு’ என்ற ஒரே வரி இரு தடவை எழுதப்பட்டிருந்தது. அடைப்புக்குறி இல்லாமையால் முதலாவது வரி மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எப்போதும் இயங்கிற்று. கையொப்பச் சோதனை நடைபெறாமலே ‘சரி’ என்ற விடை வந்தது. இத்தகைய ஏமாற்றும் வரி ஒழுங்கை, 2016இல் வெளியான ஜி.சி.சி. 6ஆம் பதிப்பிலிருந்து ‘வோல்’ தெரிவே சுட்டிக்காட்டுகிறது. ஒரே வரியானாலும் அடைப்புக்குறி இடுங்கள்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரேயொரு மாணவரை வைத்தும், எவருமே இல்லாமலும் ஓட்டுங்கள். எவரும் இல்லாவிட்டால் 0ஆல் வகுக்க நேரும். பிள்ளையின் நிரலில் அதற்கு ஏற்பாடு உண்டா?