எண்ணிப் பார்த்த மகளிர்

‘எண்ணுதல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். இவ்விரண்டையும் ஒருங்கே செய்து, புகழ்பெற்ற அருங்காட்சியகங்களைக் கேள்வி கேட்ட ஒரு மகளிர் குழுவைப் பற்றி நண்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

1984-ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், பல நாட்டு ஓவியர், சிற்பியரின் புதிய படைப்புகளைத் திரட்டி ஒரு கண்காட்சி நடத்தியது. 160-க்கும் மேற்பட்ட கலைஞர்களுள் பெண்கள் 13 பேரே! இது கண்டு கொதித்த பெண் கலைஞர்கள் சிலர், மறுஆண்டு ‘கெரில்லா கேர்ள்ஸ்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தனர். மறைந்திருந்து தாக்கும் படைவீரனைக் குறிக்கும் சொல்லும் கொரில்லாக் குரங்கின் பெயரும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒத்தவை. ஆகவே, குரங்கு முகமூடி அணிந்து, காலஞ்சென்ற பெண் ஓவியர்களின் பெயர்களைப் புனைபெயராகக் கொண்டனர்.

1989-இல் இவர்கள் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் சென்று எண்ணினர். நவீனக் கலைப் பிரிவில் இடம்பெற்ற கலைஞர்களுள் பெண்கள் நூற்றுக்கு 5-க்கும் குறைவு. ஆடையற்ற உருவங்களிலோ நூற்றுக்கு 85 பெண்ணுருவங்கள்! உள்ளே நுழைய வேண்டுமானால் பெண் ஆடை களைந்துதான் வர வேண்டுமோ என்று கேட்டு ஒரு சுவரொட்டி தீட்டினர். அதனை வெளியிட ஓர் அமைப்பு மறுத்துவிடவே, நகரப் பேருந்துகளில் விளம்பர இடத்தை வாடகைக்குப் பிடித்தனர்.

“பெண்கள் திறம்பட வரையவில்லை போலும்” என்று சிலர் கூறலாம். இதற்கு வரலாறு விடை தருகிறது. 1768-இல் லண்டனில் ராயல் அகாடமி தோன்றியபோது ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்களும் அதன் நிறுவன உறுப்பினர்கள். ஆயினும் சோபனி என்பார் வரைந்த உறுப்பினர் குழு ஓவியத்தில், ஆடவர் அனைவரும் ஆடையற்ற மாதிரியாளரைச் சூழ்ந்திருக்க, இவ்விருவரும் சுவரில் மாட்டிய படங்களாகவே காணப்படுகின்றனர். ஏன்? அத்தகைய வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால், அந்நாளில் பெரிய ஓவியத்துக்கு அடிப்படையே அப்பயிற்சிதான்! 1893-இல்தான் அகாடமிப் பள்ளி சற்றே கதவைத் திறந்தது. அப்போதும் மாதிரியாளர் இடையை ஆடையால் மறைத்திருக்க வேண்டும். படிக்கும் வழியை அடைத்துவிட்டுத் திறமை இல்லை என்பது எந்த நியாயம்?

அறிவியல் மாணவனான என்னைக் கவர்ந்தது இவர்கள் மீண்டும் மீண்டும் எண்ணியதே. 2005-இல் பெண் கலைஞர் நூற்றுக்கு 3-க்கும் குறைவு; 2012-இல் 4-க்கும் குறைவு. ஆடையற்ற பெண்ணுருவங்கள் முறையே 83, 76. முழக்கம் எழுந்ததாலேயே நிலை மாறிவிட்டதென்று நம்புவோர்க்கு இவ்வெண்கள் ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகத்தில் இடம் பெறாதவர் இருந்ததே இல்லை என்றுதான் பிற்காலத்தார் கருதுவர்.

நண்பர்களே! அடுத்த முறை ஓவியக் கூடத்துக்குச் செல்லும்போது ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். சுவரில் உள்ள பெண்கள் எத்தனை பேர், தூரிகை பிடித்த பெண்கள் எத்தனை பேர் என்று தனித்தனியே குறியுங்கள். முதலில் எண்ணுங்கள், பின்னர் எண்ணிப் பாருங்கள்.