அயலவரை நாம் அழைக்கும் சொல்



தொண்டைமானாற்றில் எமது குடும்பத்துக்கு நீண்டகாலம் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல சைவர். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகனைக் கும்பிட்ட பின்னரே மற்ற வேலை பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் புத்தக அலுமாரியைத் திறந்து பார்க்காமல் போகமாட்டார். ஒருநாள் என் பேத்தியாரின் பழைய ஞானோபதேசப் புத்தகம் அவர் கையில் அகப்பட்டது. சிறிது நேரம் வாசித்தார். பின்னர் “அஞ்ஞானிகள்” என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு, சிரித்தபடியே கேட்டார்:

“தம்பி, இதிலை சொல்லியிருக்கிற ஆள் நான்தானோ?”

என்னிடம் ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. “அது பழைய சொல், மாஸ்ரர். மெய்யான கடவுளை அறியாதவர் எண்டுதான் கருத்து. வேறை ஒண்டுமில்லை” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அறியாதவன் எண்டு சொல்லுறது சின்ன விஷயமோ? எங்கடை சித்தாந்தத்திலை அஞ்ஞானம் எண்டால், ஆணவ இருளிலை கிடக்கிற உயிரின்ரை நிலை. அதையே ஒரு ஆளுக்குப் பேராய் வைச்சால் அவருக்கு நோகாதோ?” என்றார். பிறகு தேநீர் குடித்து, வழமைபோலப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைப் பார்த்துத் திருத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்ன விடை அகராதிப்படி சரியானதே. ஆயினும் அது விடையாகவில்லை. இன்று பல வீடுகளிலும் பாடசாலைகளிலும் இதே வழக்கு நடக்கிறது. “பாட்டன் பூட்டன் சொன்ன சொல்லை நாம் சொன்னால் என்ன குற்றம்?” என்று ஒரு பகுதியினர் கேட்கின்றனர். “பழைய சொற்கள் எல்லாவற்றையும் நீக்கவேண்டும்” என்று மறு பகுதியினர் சொல்கின்றனர். இரு பகுதியினரும் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். பழைய சொல் வேறு, புண்படுத்தும் சொல் வேறு. இவற்றைப் பிரித்தறிவதே இன்றைய பாடம்.

பழைய சொல்

எமது முதியோரின் செபங்களைக் கேளுங்கள். சர்வேசுரன், சேசுநாதர், இஸ்பிரீத்துசாந்து, இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று எத்தனை பழஞ்சொற்கள்! 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளிவந்த வழிபாடு பற்றிய சங்க ஏடு, தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது. அதன்பின் எமது செபமொழியும் படிப்படியாக மாறிற்று. கத்தோலிக்கரும் ஏனைய கிறிஸ்தவ சபையினரும் ஒன்றிணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் “திருவிவிலியம்” என்ற பெயரில் வெளிவந்தபோது, இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார்.

இந்த மாற்றத்தால் நன்மை உண்டு. ஒரே ஊரில் வாழும் இரு சபைப் பிள்ளைகள் அப்போஸ்தலர்களை ஒரே பெயரால் அறிகிறார்கள். ஆனால் பழைய பெயர்கள் எவரையும் நோகச்செய்தவை அல்ல. இன்றும் “அருளப்பரே” என்று மன்றாடும் ஒரு முதியவளைத் திருத்த முற்படுவது வீண் வேலை. அவள் அறுபது வருடம் அந்தப் பெயராலே அழுதிருக்கிறாள், நன்றி சொல்லியிருக்கிறாள். இத்தகைய சொற்களில் அவசரம் தேவையில்லை. அவை தம் காலம் முடிந்ததும் தாமாகவே ஓய்ந்துபோகும்.

சைவ அயலவர் எங்களை “வேதக்காரர்” என்பதும் இவ்வகையே. தொண்டைமானாற்று ஆசிரியரும் என்னை அப்படித்தான் சொல்லுவார். அது எனக்கு ஒருநாளும் நொந்ததில்லை. “அஞ்ஞானி” அவருக்கு நொந்தது. இரண்டும் பழைய சொற்களே. எனினும் ஒன்று என் கையிலுள்ள வேதத்தைக் கொண்டு எனக்குப் பெயரிடுகிறது. மற்றது அவரிடம் இல்லை என்று நாம் தீர்ப்பிட்டதைக் கொண்டு அவருக்குப் பெயரிடுகிறது.

ஒரு சொல்லுக்கு 31 ஆண்டுகள்

புண்படுத்தும் சொல்லை நீக்குவது எளிதான காரியமன்று. திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று.

பெரிய வெள்ளி வழிபாட்டின் மன்றாட்டுக்களில், யூதருக்கான செபத்தில் “பெர்பீதிஸ்” என்ற இலத்தீன் அடைமொழி நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. விசுவாசம் அற்றவர் என்பதே அதன் பழைய பொருள் என்று அறிஞர் விளக்கினர். ஆனால் ஐரோப்பிய மொழிகளில் அதே சொல் துரோகி, வஞ்சகன் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. ஆலயத்தில் அதைக் கேட்ட சாதாரண மக்கள் இலத்தீன் அகராதியைப் புரட்டிப் பார்க்கவில்லை. தங்கள் தெருவிலே வாழ்ந்த யூதனைத் துரோகி என்றே விளங்கிக்கொண்டார்கள்.

1928இல் “இஸ்ராயேலின் நண்பர்கள்” என்ற சங்கம் அச்சொல்லை நீக்கும்படி றோமாபுரியிடம் விண்ணப்பித்தது. கர்தினால்மார், ஆயர்கள், ஆயிரக்கணக்கான குருக்கள் அதில் அங்கத்தவராக இருந்தனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது, சங்கமும் கலைக்கப்பட்டது. அதன்பின் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஐரோப்பாவில் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ஒரு செபச் சொல்தான் அவர்களைக் கொன்றது என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் அவர்களை வெறுக்கப் பழகிய காதுகளில் அச்சொல்லும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

1948இல், மொழிபெயர்ப்புகளில் மென்மையான சொல்லை வழங்கலாம் என்று றோமாபுரி இசைவு தந்தது. இலத்தீன் மூலம் மாறவில்லை. 1959ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கு, எமது முதியோர் “23ஆம் அருளப்பர்” என்று அறிந்த பாப்பரசர் 23ஆம் யோவான், அந்த அடைமொழியை நீக்கிவிட்டார். 1963இல் அவர் கலந்துகொண்ட கடைசிப் பெரிய வெள்ளியில் பழைய சொல் தவறுதலாக வாசிக்கப்பட்டபோது, வழிபாட்டை நிறுத்தி, அந்த மன்றாட்டைத் திரும்பச் சொல்லச் செய்தார். 1970ஆம் ஆண்டின் திருப்பலி நூலில் அந்தச் செபம் முற்றாகப் புதிதாக எழுதப்பட்டது. அதே நூலில் “அஞ்ஞானிகளுக்காக” என்ற பழைய மன்றாட்டின் தலைப்பும் மறைந்தது.

இடையிலே, 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி, கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய சங்க ஏடு வெளிவந்தது. அது இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இச்சமயங்களில் உள்ள மெய்யானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று போதித்தது. இதை ஏற்றுக்கொண்ட நாம், அயலவரை இன்னும் அஞ்ஞானி என்று எப்படிச் சொல்வது?

எமது யாழ்ப்பாணத்திலும் 19ஆம் நூற்றாண்டில் இரு பக்கத்திலிருந்தும் கடுஞ்சொற்கள் பறந்தன. கிறிஸ்தவப் பாதிரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பாக ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட நூலின் பெயர் “சைவ தூஷண பரிகாரம்”. தூஷணம் என்று ஒருவர் தலைப்பிலேயே எழுதவேண்டி வந்ததெனில், எம்மவர் சொற்கள் அங்கே எப்படி விழுந்தன என்று நாம் உணரலாம். அந்த நாவலர்தான் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் என்பதையும் மறக்கலாகாது.

நோயைப் பெயராக்கிய சொல்

அடுத்ததாக “குஷ்டரோகி” என்ற சொல்லை எடுப்போம். காய்ச்சல் வந்தவனை நாம் காய்ச்சல்காரன் என்று ஆயுள் முழுவதும் அழைப்பதில்லை. இந்த நோய் வந்தவருக்கோ நோயே பெயராயிற்று. வீடும் ஊரும் பறிபோயின. நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873இல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1948இல் கியூபாவின் ஹவானா நகரில் கூடிய சர்வதேச மாநாடு, நோயாளரைக் குறிக்கும் பழைய இழிசொல்லைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின், இந்நோய் முற்றாக மாறக்கூடிய சாதாரண நோயாயிற்று. தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் விரலோ கண்ணோ பழுதாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

ஆனால் தோலில் உணர்ச்சியற்ற தழும்பைக் கண்டவர் வைத்தியசாலைக்குப் போக ஏன் பிந்துகிறார்? அந்தப் பெயர் தன்மேல் விழும் என்ற பயமும் ஒரு காரணம். இங்கே ஒரு சொல் மருந்துக்கும் மனிதனுக்கும் இடையில் நிற்கிறது. திருவிவிலியம் “தொழுநோயாளர்” என்று, மரியாதை விகுதியுடன் எழுதியிருப்பது வெறும் இலக்கணக் காரியம் அன்று.

“விசரன்” என்ற எங்கள் ஊர்ச் சொல்லும் இப்படியே. “தெல்லிப்பழைக்கு அனுப்பவேணும்” என்று பகிடி விடுகிறோம். போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணிலே, நித்திரையின்றித் தவிக்கும் ஒருவர் எத்தனை வீடுகளில் இருப்பார்! அவர் இந்தப் பகிடியைக் கேட்டபின் உளநல வைத்தியரிடம் போகத் துணிவாரோ?

பெயரை யார் தீர்மானிப்பது?

நல்ல மனத்தோடு நாம் வைக்கும் புதுப்பெயரும் தவறிப்போகலாம். தீண்டாமைக் கொடுமைக்கு உட்பட்ட மக்களைக் காந்தி அடிகள் “ஹரிஜன்” என்று அழைத்தார். 1933இல் அப்பெயரிலேயே பத்திரிகையும் தொடங்கினார். அவருடைய எண்ணம் உயர்ந்தது. ஆயினும் அம்மக்களுள் பலர் அப்பெயரை ஏற்கவில்லை. எங்களுக்கு இரக்கப் பெயர் வேண்டாம், உரிமை வேண்டும் என்பது அவர்கள் வாதம். பின்னாளில் “தலித்” என்ற பெயரைத் தாமே தெரிந்துகொண்டார்கள். எமது எழுத்தாளர் கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் “பஞ்சமர்” என்றே பெயரிட்டார். ஒடுக்கப்பட்டவர் தம் மேல் எறியப்பட்ட சொல்லைத் தாமே எடுத்து நீதி கேட்கலாம். அதைக் காட்டி மற்றவர்கள் அச்சொல்லை வழங்க உரிமை கோரமுடியாது.

பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவதும் தவறு. 1940களில் “சிறுபான்மைத் தமிழர்” என்ற மதிப்பான பெயரோடு மகாசபை இயங்கியது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறிற்று. அப்படியிருந்தும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவுக்காகப் போராடவேண்டியிருந்தது. எமது கத்தோலிக்க ஆலயங்களிலும் சாதிக்கொரு பக்கம் இருந்த காலத்தை நாம் மறைக்கலாகாது.

மூன்று படிப்பினைகள்

முதலாவது, சொன்னவர் என்ன நினைத்தார் என்பது மட்டும் போதாது. கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதே முக்கியம். இரண்டாவது, ஒருவருக்கு எந்தப் பெயர் தகும் என்பதை அவரிடமே கேட்கவேண்டும். மூன்றாவது, சொல்லோடு நடத்தையும் மாறவேண்டும். தொழுநோயாளரை இயேசு முதலில் கைநீட்டித் தொட்டார்; அதன்பிறகே அவர் சுகமடைந்தார். “குருடன்” என்ற பழஞ்சொல்லைச் சொன்னாலும் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கவிடும் கிராமத்தவன், “விழிப்புலனற்றோர்” என்று திருத்தமாகச் சொல்லிவிட்டு விலகிப் போகிறவனிலும் நல்லவன். அவனை ஏளனம் செய்யாமல், அன்போடு புதுச்சொல்லைக் கற்பிப்போம்.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் பூசை செய்யும் கப்பூகர், வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்வார். மந்திரம் சொல்வதில்லை. அந்த ஆசிரியர் இதைப் பெருமையோடு எனக்கு விளக்கியிருக்கிறார். எமது சங்கீத ஆசிரியரும் தம் வாய்க்குக் காவல் வைக்குமாறு ஆண்டவரை மன்றாடுகிறார் என்று நான் சொன்னபோது, “அப்ப ரெண்டு பேரும் ஒண்டைத்தான் கேக்கிறம்” என்றார்.

பேத்தியாரின் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதை நான் கிழிக்கவில்லை. அந்தச் சொல்லின்மேல் மை பூசவுமில்லை. பேத்தியார் அதைப் பிடித்துச் செபித்தவர். ஆனால் என் பிள்ளைகள் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது, தங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த மாஸ்ரருக்கு அந்தச் சொல் நொந்தது என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் அதை எவர்மேலும் சொல்லி நான் கேட்டதில்லை.

கலந்துரையாடலுக்கு

1. உமது வீட்டில் அன்றாடம் வழங்கும் சொற்களுள், வெறும் பழஞ்சொல் எது? பிறரைப் புண்படுத்தும் சொல் எது?

2. சைவ, இஸ்லாமிய அயலவரைப் பற்றிப் பிள்ளைகள் முன்னிலையில் எந்தச் சொற்களால் பேசுகிறோம்? அவர்கள் அருகில் இருந்தால் அதே சொற்களைச் சொல்வோமா?

3. எமது பங்கில் நோயாலோ போராலோ உடலும் உள்ளமும் பாதிக்கப்பட்டவர்களை எப்பெயரால் அழைக்கிறோம்? அவர்களிடம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

4. பெயரை மாற்றிவிட்டு, நடத்தையை மாற்றாமல் விட்ட காரியம் ஏதும் எமது ஊரில் உண்டா?