புது வண்டியின் முதல் 1000 கிலோமீட்டர்



நமது அறக்கட்டளையின் அழகிய கடன் திட்டத்தில் பைக் வாங்கிய ஒரு தம்பி, போன மாதம் தவணை கட்ட வந்திருந்தார். மீன் வியாபாரம். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கிளம்பும்போது சைலன்ஸரில் நீலப் புகை. கேட்டதற்கு, "ஆயில் குடிக்குது பாய். ரிங் மாத்தி போர் போடணும்னு மெக்கானிக் சொல்றாரு" என்றார். தவணை இன்னும் பத்து மாதம் பாக்கி.

பேசிப் பார்த்ததில், வண்டி எடுத்த மறுநாளே விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு முழு வேகத்தில் ஓடத் தொடங்கியிருக்கிறார். வியாபாரத்தை விட்டுவிட்டுப் போக முடியாததால் முதல் சர்வீஸ் 1,800 கிலோமீட்டரில்தான். இது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பெரிய காரணம் இதுதான். எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. சாவியைக் கொடுத்தோம், துஆ செய்தோம், அனுப்பிவிட்டோம். வண்டியை எப்படிப் பழக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகவே இந்த மாதம் இந்தப் பாடம்.

என்ஜினுக்குள் சிலிண்டர் என்ற குழாயில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய வளையங்கள், அதாவது ரிங்ஸ். இவைதான் வெடிக்கும் வாயுவைக் கீழே விடாமலும், ஆயிலை மேலே விடாமலும் தடுக்கின்றன. சிலிண்டரின் உட்சுவரைக் கம்பெனியில் கண்ணாடிபோல் வழவழப்பாக விடுவதில்லை. வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் போடுகிறார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகள் ரிங்கோடு உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இப்படித் தேய்ந்து ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்துவதைத்தான் ரன்னிங்-இன் என்கிறார்கள். இதில் பெரும்பகுதி முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்போது கெட்டதைப் பிறகு எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் சரிசெய்வது கடினம்.

அந்த நேரத்தில் கடுமையாக முறுக்கினால் உரசல் சூடு அதிகமாகி பிஸ்டனும் சுவரும் கீறிக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்த பயம்தான். நாங்கள் கல்லூரியில் படித்த காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டில் நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. ரொம்ப மெதுவாக ஓட்டுவதும் தவறு. ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதே வெடிக்கும் வாயுவின் அழுத்தம்தான். டாப் கியரில் 25, 30ல் உருட்டிக்கொண்டே போனால் என்ஜின் திணறும், அதற்கும் பாரம்தான். நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிட்டால் ரிங் பொருந்தாமல் சுவரில் ஆயில் கருகிப் பளபளவென்று படிந்துவிடும். பிறகு ஆயில் குடிப்பது நிற்காது. "முதல் நாளே முறுக்கி ஓட்டினால்தான் பிக்கப் வரும்" என்று சில மெக்கானிக்குகள் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான்: என்ஜினுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும். முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும் என்பதல்ல.

அப்படியானால் எப்படி ஓட்டுவது? ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். சூடானபின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் பைபாஸில் ஒரு மணி நேரம் போவதைவிட ஊருக்குள் ஓடுவது புது வண்டிக்கு நல்லது. 100, 110 சிசி வண்டியை 50ஐத் தாண்ட வேண்டாம். சில கம்பெனிகளின் கையேட்டில் ஒவ்வொரு கியருக்கும் வேக வரம்பு போட்டிருக்கும், அதையே பின்பற்றுங்கள். மேட்டில் திணறினால் உடனே கியரைக் குறையுங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்குக் கியர் கவலை இல்லை, மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

பாரம்தான் நம் ஆட்களுக்குச் சிரமமான விஷயம். வண்டி வாங்குவதே பாரம் ஏற்றத்தான். வாயில்லாப் பிராணிமேல் சக்திக்கு மீறிச் சுமை ஏற்றக்கூடாது என்று மத்ரஸாவில் படித்தோம். புது என்ஜினும் முதல் மாதம் அப்படித்தான். முடிந்தால் முதல் இரண்டு வாரம் பாதிச் சரக்கு ஏற்றுங்கள். நஷ்டம்தான், தெரியும். போர் போடும் செலவையும் வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களையும் கணக்குப் பாருங்கள்.

அடுத்தது ஆயில். ரிங்கும் சுவரும் தேயும்போது உதிரும் இரும்புத் தூள் முழுவதும் முதல் ஆயிலில்தான் கலந்திருக்கும். பல 100 சிசி வண்டிகளில் காரில் உள்ளதுபோல் பேப்பர் ஃபில்டர் கிடையாது. ஒரு வலைச் சல்லடையும், சுழற்சியில் தூளை ஒதுக்கும் கிண்ணமும்தான். எனவே பழைய ஆயிலை வடித்துவிடுவதே வழி. பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ் வரும். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கணக்கைப் பாருங்கள். லேபர் இலவசம், ஆயிலுக்கு மட்டும் காசு. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் தவறவிடுகிறார்கள். மீதமிருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, கார் ஆயிலில் அது வழுக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது டயரும் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும், புது பிரேக்கும் முழுதாகப் பிடிக்காது. மழையில் வளைவுகளில் கவனம். செயின் சீக்கிரம் தளரும், முதல் சர்வீஸில் இறுக்கச் சொல்லுங்கள்.

இனி கடனில் வண்டி எடுப்பவர்களுக்கு முதல் சர்வீஸ் ஆயில் செலவைக் கடன் தொகையிலேயே சேர்த்துக் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். சமீபத்தில் வண்டி எடுத்து இன்னும் 1000 கிலோமீட்டர் ஓடாதவர்கள் சர்வீஸ் புத்தகத்தோடு ஏதாவதொரு நாள் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள். அந்த மீன் வியாபாரத் தம்பியின் வண்டி வேலை முடியும்வரை இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்