பல்லைப் பஞ்சில் சுற்றாதே

அன்புள்ள கார்த்தி,

ஹவுஸ் சர்ஜனாக முதல் கேஷுவாலிட்டி டூட்டி முடித்துவிட்டு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பாம்புக்கடி, நெஞ்சுவலி, லாரி விபத்து எல்லாம் வந்ததாம். விழுந்த பல் வரவில்லை. அதுவும் வரும். பல் டாக்டர் அத்தை இருந்தும் யாரும் சொல்லவில்லை என்று ஆகக்கூடாது.

சில வருஷத்துக்கு முன், சைக்கிளில் விழுந்த ஒன்பது வயதுப் பையனை என்னிடம் கூட்டிவந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே ஒரு மருத்துவமனையில் உதட்டுக்குத் தையல் போட்டாயிற்று. நானே மெச்சும்படியான தையல். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பஞ்சுக்குள்ளிருந்து ஒரு முன்பல்லை எடுத்தார். "காலையில பல் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க" என்றார். வேரின் மேல் சவ்வு, வெங்காயச் சருகு போலக் காய்ந்திருந்தது.

பல்லை எலும்போடு மறுபடி சேர்ப்பவை அந்தச் சவ்விலுள்ள செல்கள்தாம். காற்றில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். பிறகு பொருத்தினாலும் எலும்பு வேரை மெல்லத் தின்றுவிடும். வளரும் பிள்ளைக்கு அந்தப் பல் மட்டும் மற்றவற்றோடு இறங்காமல் மேலேயே தங்கிப்போகும்.

ஆகவே தலைக்காயம், மூச்சு இரண்டையும் பார்த்த கையோடு, தையலுக்கு முன்பே பல்லைக் கவனி. பால்பல் என்றால் திரும்ப வைக்காதே. அடியில் வளரும் பல் கெடும். நிலைப்பல் என்றால் வெள்ளைப் பக்கத்தைப் பிடி, வேரைத் தொடாதே. அழுக்கு இருந்தால் சலைனில் அலசு; தேய்க்காதே. குழிந்த பக்கம் நாக்கைப் பார்க்கும்படி குழிக்குள் மெதுவாக அழுத்து. காஸ் துணியைக் கடிக்கச் சொல்லி உடனே பல் மருத்துவரிடம் அனுப்பு. இரண்டு வாரம் கம்பி கட்டுவது எங்கள் வேலை. டெட்டனஸ் ஊசியை மறக்காதே.

முன்பின் மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கை நடுங்கும். 48 மணி நேரத்துக்குள் நாங்கள் சரிசெய்துகொள்வோம். செத்த செல்லை யாராலும் எழுப்ப முடியாது.

பையன் மயக்கத்தில் இருந்தாலோ உனக்குத் துணிச்சல் வராவிட்டாலோ, பல்லைக் குளிர்ந்த பாலில் போட்டு அனுப்பு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், செல்கள் ஊதி வெடிக்கும். பல்லே கிடைக்கவில்லையா? உதட்டுக்குள் தேடு; நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடு.

டூட்டி ரூம் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் இருக்கிறதா? இல்லையென்றால் எதிர் டீக்கடை ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து வை.

அன்புடன்,
அத்தை