எந்த கிளவுடில் கடை போடுவது?

சர்வரைப் பற்றிய கவலையே வேண்டாம்; லாகின், டேட்டாபேஸ், நோட்டிஃபிகேஷன் எல்லாம் எங்களிடமே இருக்கிறது. இப்படிச் சொல்லி ஆப் எழுதுகிறவர்களை ஈர்த்த பார்ஸ் நிறுவனத்தை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. 2016 ஜனவரியில், ஓர் ஆண்டில் சேவையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஜனவரி முடிவதற்குள் மூடியும்விட்டார்கள். மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு ஆண்டுக்கணக்கில் இலவச இடம் கொடுத்துவந்த ஹெரோக்கு, 2022 நவம்பர் 28-ல் அந்தத் திட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆகவே, "எது இலவசம்?" என்பதில் தொடங்கினால் தேர்வு தடம்மாறும். தரவு எப்படிப்பட்டது, நாளைக்கு மூட்டை கட்ட வேண்டி வந்தால் அதை எப்படி எடுத்துக்கொண்டு போவது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் உதாரணம். ஒரு டியூஷன் சென்டர், 200 மாணவர்கள். வருகைப் பதிவு, மாதக் கட்டணம், தேர்வு மதிப்பெண் ஆகியவற்றைப் பெற்றோர் போனிலேயே பார்க்கும்படி ஒரு வெப் ஆப் வேண்டும்.

முதலில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஃபயர்பேஸ். 2011-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தை 2014-ல் கூகுள் வாங்கியது. இதன் பலம் உடனடித் தன்மை. வகுப்பில் ஆசிரியர் 'ஆப்சென்ட்' என்று தட்டினால், பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாமலே அம்மாவின் போனில் அது தெரியும். சாட், நேரலை ஸ்கோர், டெலிவரி ஆள் எங்கே வருகிறார் என்று காட்டும் வரைபடம் போன்றவற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி குறைவு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸில் ஒரு நாளைக்கு 50,000 ரீட் இலவசம். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் ஆப்பின் முகப்புப் பக்கம் 200 மாணவர்களின் பதிவுகளையும் அள்ளிக்கொண்டு வந்து, அதில் ஒன்றை மட்டும் காட்டும்படி எழுதப்பட்டிருந்தால்? 200 பெற்றோர் ஆளுக்கு ஒரு முறை திறந்தாலே 40,000 ரீட். அதில் நாலில் ஒருவர் மாலையில் இன்னொரு முறை எட்டிப்பார்த்தால் கோட்டா காலி. இலவசத் திட்டத்தில் அதன் பிறகு எதுவும் வராது. கோட்டா புதுப்பிக்கப்படுவது அமெரிக்க பசிபிக் நேரப்படி நள்ளிரவு வாக்கில். அதாவது நமக்கு மறுநாள் மதியம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. கட்டணத் திட்டத்தில் ஆப் நிற்காது, பில் ஓடும். மாணவருக்கு ஓர் ஆவணம் என்று பிரித்து, அவரவர் பெற்றோர் அதை மட்டும் படிக்கும்படி எழுதினால் இதே வேலை 200 ரீடில் முடிந்துவிடும். ஃபயர்பேஸில் பணம் போவதும் மிஞ்சுவதும் கோடு எழுதுகிறவரின் கையில்தான்.

சூப்பாபேஸ் 2020-ல் வந்தது. உள்ளே இருப்பது போஸ்ட்கிரஸ், அதாவது பழைய, நம்பகமான எஸ்க்யூஎல் டேட்டாபேஸ். "இரண்டு மாதக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களில், இந்த வாரம் வகுப்புக்கே வராதவர்கள் யார்?" என்று சென்டர் நடத்துகிறவர் கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார்! போஸ்ட்கிரஸில் இதற்கு ஒரே ஒரு குவெரி போதும். ஃபயர்ஸ்டோரில் டேபிள்களை இணைத்துக் கேட்கும் வசதி இல்லாததால், தனித்தனியாக எடுத்து ஆப்பில்தான் சேர்க்க வேண்டும். சூப்பாபேஸின் இலவசத் திட்டத்தில் டேட்டாபேஸுக்கு 500 எம்பி இடம் உண்டு; 200 பேரின் கணக்குவழக்குக்கு அது தாராளம். ஆனால் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் புராஜெக்ட்டைத் தூங்க வைத்துவிடுவார்கள். மே மாத விடுமுறை முடிந்து வருகிறவர் டாஷ்போர்டுக்குப் போய் அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

இரண்டிலும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. பிரவுசர் நேரடியாக டேட்டாபேஸோடு பேசுவதால், யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகளை நாம்தான் எழுத வேண்டும். ஃபயர்பேஸில் அது செக்யூரிட்டி ரூல்ஸ், சூப்பாபேஸில் ரோ லெவல் செக்யூரிட்டி. அமெரிக்காவில் 'டீ' என்ற ஆப், படங்கள் வைத்திருந்த சேமிப்பிடத்தைச் சரியாகப் பூட்டாததால், 2025 ஜூலையில் சுமார் 72,000 படங்கள் வெளியே கசிந்தன. பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லப்பட்ட ஆப் அது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும் 'டெஸ்ட் மோட்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

சொந்தமாக ஒரு விபிஎஸ், அதாவது வாடகைக்கு ஒரு மெய்நிகர் சர்வர், எடுப்பது அடுத்த வழி. டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூருவிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது. மாதம் 4 டாலரில் சின்ன சர்வர் கிடைக்கும். பில் எகிறாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் லினக்ஸ் அப்டேட், எஸ்எஸ்எல் சான்றிதழ், பேக்கப் எல்லாம் நம் தலையில். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் எழுந்து பார்க்க ஓர் ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

அமேசானின் ஏடபிள்யூஎஸ் இந்த அளவுக்குத் தேவையில்லை. பயனர்கள் லட்சத்தைத் தாண்டட்டும், பார்க்கலாம்.

ஃபயர்பேஸ், சூப்பாபேஸ் இரண்டில் எதை எடுத்தாலும், தரவு இருக்கும் இடமான ரீஜனை முதல் நாளே மும்பை என்று வைத்துவிட வேண்டும். ஃபயர்ஸ்டோரில் ஒருமுறை தேர்ந்தெடுத்த இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. பக்கங்களை ஹோஸ்ட் செய்ய வெர்செலை நாடுபவர்கள், அதன் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற நிபந்தனையைப் படித்துக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்கும் டியூஷன் சென்டர் வணிகம்தான்.

அந்த டியூஷன் சென்டருக்கு சூப்பாபேஸே சரி. அங்கே நடப்பது பெரும்பாலும் கணக்கு. உடனடித் தன்மை இல்லாமல் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. நாளைக்கே இடம் மாற நேர்ந்தாலும் பிஜி டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுத்து, போஸ்ட்கிரஸ் ஓடும் எந்த சர்வரிலும் தரவை ஏற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: இலவசத் திட்டத்தில் தானியங்கி பேக்கப் கிடையாது. அதனால் அந்த டம்ப்பை வாரம் ஒரு முறையாவது நீங்களே எடுத்து வையுங்கள்.