ராத்திரி ஹாலில் எடுத்துப் பாருங்கள்

கேள்வி: கேனான் ஆர்50 கேமராவை 18-45 கிட் லென்ஸோடு வாங்கலாம் என்றிருக்கிறேன். சித்தப்பா மகனிடம் அதே செட் இருக்கிறது. சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். மூன்று வயதுப் பையன், வீட்டு விசேஷங்கள், எப்போதாவது சமையல் வீடியோ. என் தேவை இவ்வளவுதான். எதையெல்லாம் எடுத்துப் பார்த்தால் தெரியும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மொட்டை மாடியில் பூந்தொட்டியை எடுத்துப் பொழுதைப் போக்காதீர்கள். வெயிலில் இன்று விற்கிற எந்த மிரர்லெஸ்ஸும் அழகாகத்தான் எடுக்கும். ஆர்50 2023இல் வந்தது. 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார். கண்ணைத் தேடிப் பிடிக்கிற அதன் ஃபோகஸைப் பற்றியும் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

சனிக்கிழமை ராத்திரி ஹாலில் டியூப்லைட்டை மட்டும் போட்டுப் பையனை ஓடவிடுங்கள். லென்ஸை 45 வரை திருகுங்கள். டயல் 'டிவி' மோடில், ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஓடுகிற பிள்ளை கலங்காமல் விழ அந்த வேகமாவது வேண்டும். இப்போது ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். 45இல் இந்த லென்ஸ் எஃப்6.3க்கு மேல் திறக்காது. அதனால் எண் 6400, 12800 என்று எகிறும், அல்லது படம் இருட்டடிக்கும். பெரிதாக்கினால் தலைமுடி இழை பிரியாமல் அப்பிக் கிடப்பது தெரியும். லென்ஸில் உள்ள ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பையனின் ஓட்டத்தை அல்ல.

குறை பாடியில் இல்லை, லென்ஸில். அதே பாடியில் ஆர்எஃப் 50 எஃப்1.8 மாட்டினால் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 12800 கேட்ட இடத்தில் 1000 போதும். ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 80 மில்லிமீட்டர் போல நெருங்கிவிடும், சின்ன ஹாலில் உங்கள் முதுகு சுவரில் முட்டும். அதில் ஐஎஸ்ஸும் கிடையாது. இருந்தாலும் பிள்ளையைப் படம் எடுக்கத்தான் கேமரா என்றால், அந்த லென்ஸையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். கடைக்காரர் பையும் ட்ரைபாடும் 'ஃப்ரீ' என்று நீட்டுவார். அதில் மயங்க வேண்டாம். படங்கள் வாட்ஸ்அப்பைத் தாண்டாது என்றால் கிட் லென்ஸே போதும்.

ஞாயிறு பகலில் சீலிங் ஃபேனை எடுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர், 1/1000. இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அந்த ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை விழுவதற்கும் இதுவே காரணம். விசேஷங்களில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கு மாற்றிவிடுங்கள். அப்போதும் பட்டை வந்தால் 1/100 வைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு பெரும்பாலும் நொடிக்கு 100 முறை துடிக்கும்.

வீட்டில் பழைய ஃபிளாஷ் இருக்கிறதா? ஆர்50இன் ஷூவில் பழைய மாதிரி நடுப்புள்ளித் தொடர்பு இல்லை. கேனானின் பழைய ஸ்பீட்லைட் என்றால் ஏடி-இ1 அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

சமையல் வீடியோவுக்கு 4கே தாராளம். மைக் சொருக இடமுண்டு, ஹெட்ஃபோனுக்கு இல்லை. எனவே தாளிக்கிற சத்தத்தில் உங்கள் பேச்சு அமுங்குகிறதா என்று முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டு மீதியை எடுங்கள்.